அலுகோசுக்கு ஆசீர்வாதமா?

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை உயர்தர வகுப்பில் கற்பித்துக்கொண்டிருந்தேன். கண்ணகி சிலம்பை உடைக்கிறாள். மாணிக்கப் பரல் தெறிக்கிறது. ஆராயாமல் கொலை விதித்த பாண்டியன் தன் பிழையை உணர்ந்து அரியணையிலேயே வீழ்ந்து மடிகிறான். எத்தனை ஆண்டு கற்பித்தாலும் இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும். அன்று அந்த அமைதியைக் கலைத்துக்கொண்டு, திருகோணமலை உட்துறைமுகக் கரையில் வாழும் மீனவக் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்தான்.

"சேர், கோவலன் உண்மையாவே களவெடுத்திருந்தா, அவனை வெட்டினது சரியோ?"

நான் உடனே மறுமொழி சொல்லவில்லை. அவன் கத்தோலிக்கன். அவனே தொடர்ந்தான்: "பழைய ஏற்பாட்டில கொலைக்குக் கொலை எண்டுதானே இருக்கு. போதைப்பொருள் விக்கிறவனைத் தூக்கத்தான் வேணும் எண்டு கோயிலுக்கு வாற பெரியாக்களும் சொல்லுறாங்க."

கேள்வி சிறியது, ஆனால் நமது இலக்கியப் பெருமிதத்தையும் கிறிஸ்தவ மனச்சாட்சியையும் ஒருங்கே சோதிக்கும் கேள்வி. கோவலன் குற்றமற்றவன் என்பதனாலேயே நாம் கண்ணீர் விடுகிறோம். இயேசு குற்றமற்றவர் என்பதனாலேயே பெரிய வெள்ளியன்று தேவாலயங்கள் துக்கம் காக்கின்றன. குற்றவாளியைக் கொல்லலாமா என்று கேட்டால் இருசாராரும் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தின் நிழலில்தான் தூக்குமரம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

இக்கட்டுரை அந்தத் தயக்கத்துக்கு எதிரானது. கொலைக்களத்தின் கருவியையே தன் மதச் சின்னமாகக் கொண்ட கிறிஸ்தவனுக்குத் தூக்குக்கயிற்றை ஆசீர்வதிக்கும் உரிமை இல்லை என்பது என் வாதம். அதோடு, கயிற்றுக்குப் பதிலாகச் சாகும்வரை சிறையில் பூட்டிவைப்பதையே இரக்கம் என்று விற்கும் உரிமையும் அவனுக்கு இல்லை.

முதலில் நமது துறைமுகத்திலிருந்தே தொடங்குவோம். தூக்கிலிடுபவனை இலங்கையில் அலுகோசு என்கிறோம். இச்சொல் தமிழுமன்று, சிங்களமுமன்று. கொலைத்தண்டனை நிறைவேற்றுவோனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழி வந்தது. கத்தோலிக்கத் திருச்சபையை இத்தீவுக்குக் கொணர்ந்தவர்களும் போர்த்துக்கேயரே. 1622 இல் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக்கொண்டு இங்கே கோட்டை கட்டியவர்களும் அவர்களே. சிலுவையும் அலுகோசும் ஒரே கப்பலில் வந்திறங்கிய கரை இது. கொல்லும் வழக்கம் அவர்களுக்கு முன்னும் இங்கே இருந்ததுதான். எந்த மன்னனின் கையும் சுத்தமானதன்று. ஆயினும் அன்பின் நற்செய்தியை அறிவிக்க வந்தோர் அலுகோசையும் உடன் கொண்டுவந்தார்கள் என்பதை மறத்தலாகாது. அந்தப் பழைய கூட்டு நம் காலத்தில் மீண்டும் தலைகாட்டியது.

2018 ஜூலையில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகளுக்கு மரணதண்டனையை நிறைவேற்றப்போவதாக அறிவித்தார். 1976 ஜூனுக்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை. நாற்பத்திரண்டு ஆண்டு வழக்கத்தை முறிக்கும் அந்த அறிவிப்புக்கு முதலில் எதிர்ப்புக் குரல் எழுந்திருக்க வேண்டிய இடம் எது? கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித்தோ, சிறைக்குள்ளிருந்தபடியே குற்றங்களை நடத்துவோர் விடயத்தில் ஜனாதிபதியின் முடிவை ஆதரிப்பதாகக் கூறினார். எல்லாக் குற்றவாளிகளையும் தூக்கிலிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதை நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். ஆனால் "இவர்களுக்கு மட்டும்" என்றுதான் உலகிலுள்ள எல்லாத் தூக்குமரங்களும் நடப்படுகின்றன. எல்லோருக்கும் என்று சொல்லி எந்த அரசும் கயிறு முறுக்கியதில்லை.

காலத்தின் விசித்திரம் பாருங்கள். அடுத்த மாதமே, 2018 ஆகஸ்ட் 2 ஆம் நாள், பாப்பரசர் பிரான்சிஸ் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2267 ஆம் பத்தி திருத்தப்பட்டதை வெளியிட்டார். மரணதண்டனை எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று. அது மனிதனின் மீறப்படக்கூடாத மாண்பின்மீது தொடுக்கப்படும் தாக்குதல். உலகெங்கும் அது ஒழிவதற்குத் திருச்சபை உழைக்கும் என்பது அத்திருத்தத்தின் சாரம். ரோமாபுரியில் கதவு மூடப்பட்டது. கொழும்பில் ஜன்னல் திறந்திருந்தது.

2019 பெப்ரவரியில் அலுகோசுப் பதவிக்கு அரசாங்கம் விளம்பரம் செய்தது. ஒழுக்கமும் மனத்திடமும் உள்ள ஆண்களிடமிருந்து விண்ணப்பங்கள் கோரப்பட்டன. நூற்றுக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மனிதனின் கழுத்தை முறிக்கும் வேலைக்கு நன்னடத்தை தகுதியாயிற்று! படித்த இளைஞர்கள் வேலையின்றித் தெருவில் நிற்கும் நாட்டில், அரசு அவர்களுக்கு நீட்டிய உத்தியோகங்களுள் இதுவும் ஒன்று.

இதற்கிடையில் ஏப்ரல் 21 வந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் உயிர்த்த ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியிருந்தோர் சிதறடிக்கப்பட்டனர். ஆலயங்களிலும் விடுதிகளிலுமாக இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. கிழக்கு மாகாணத்தில் வாழும் எவனும் சீயோன் ஆலயத்துப் பிள்ளைகளை மறக்க முடியாது. அந்த நாள்களில் கிறிஸ்தவ மக்கள் பழிவாங்கலில் இறங்காமல் நின்றது, அண்மைக்கால இலங்கை வரலாற்றில் நாம் தலைவணங்க வேண்டிய செயல்களுள் ஒன்று. அந்தப் பொறுமையைக் காக்கும்படி தன் மக்களிடம் வேண்டியவர் அதே கர்தினால்தான். அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஆனால் அரசு என்ன செய்தது? துக்கம் ஆறுமுன்னரே, ஜூன் மாத இறுதியில், போதைப்பொருள் வழக்குகளில் தண்டனை பெற்ற நால்வரின் மரண ஆணையில் கையொப்பமிட்டுவிட்டதாக ஜனாதிபதி அறிவித்தார். நால்வருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மக்களைக் காக்கத் தவறிய அரசுக்குத் தன் கை வலியது என்று காட்ட ஒரு கயிறு தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், அத்தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக அதே சிறிசேன பத்துக் கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தூக்குக்கயிற்றை உயர்த்திப் பிடித்த கையின் உண்மையான வலிமை அவ்வளவுதான்! நல்லவேளையாக, 2019 ஜூலை 5 ஆம் நாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, நால்வரும் பிழைத்தனர்.

இனி, வேதத்தைக் காட்டித் தூக்கை நியாயப்படுத்துவோரின் வாதங்களுக்கு வருவோம். அவற்றைப் புறக்கணிக்க முடியாது. அவற்றுக்கு நீண்ட பரம்பரை உண்டு. மனித இரத்தம் சிந்தியவன் தன் இரத்தத்தால் ஈடு செய்ய வேண்டும் என்று ஆதியாகமம் நோவாவின் காலத்து உடன்படிக்கையில் கூறுகிறது. ஆள்வோன் வாளை வீணாக ஏந்தவில்லை என்ற கருத்தைப் பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் காண்கிறோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ், உடலைக் காக்க அழுகிய உறுப்பை வெட்டுவதுபோலச் சமுதாயத்தைக் காக்கக் கொடியவனை அகற்றலாம் என்று வாதித்தார். பாப்பரசரே அரசராயிருந்த நிலப்பரப்பில், 1796 முதல் 1864 வரை ஒரே அலுகோசு ஐந்நூறுக்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தான். வத்திக்கான் நகரின் சட்டத்தில்கூட, ஒருவர்மீதும் நிறைவேற்றப்படாவிட்டாலும், 1929 முதல் 1969 வரை மரணதண்டனை இடம்பெற்றிருந்தது. இவற்றை மறைத்துக்கொண்டு, கிறிஸ்தவம் என்றென்றும் தூக்கை எதிர்த்தே வந்தது என்று சொல்வது பொய்.

ஆனால் வேதத்தில் இன்னொரு வரிசையும் உண்டு. தம்பியைக் கொன்ற காயீனே உலகின் முதற் கொலைகாரன். அவனை எவரும் கொன்றுவிடாதபடி ஓர் அடையாளமிட்டுக் காக்கிறார் கடவுள். சட்டப்படி கல்லெறிந்து கொல்லப்பட வேண்டிய பெண்ணை இயேசுவின் முன் இழுத்து வருகிறார்கள். தம்மில் பாவமற்றவர் தொடங்கட்டும் என்று அவர் சொன்ன அளவில் கூட்டம் கலைகிறது. அந்தப் பெண் குற்றமற்றவள் என்று அவர் சொல்லவில்லை. இங்கேதான் என் மாணவனின் கேள்விக்கு விடை தொடங்குகிறது: குற்றம் மெய்யாயிருந்தும் கல் கீழே விழுந்தது. சிலுவையில் அவர் பக்கத்தில் தொங்கிய கள்வர்களும் குற்றம் செய்தவர்களே. அவர்களுள் ஒருவனுக்கு அவர் இறுதி மணியில் அளித்தது வீட்டுக்கு வரும் அழைப்பு.

இயேசுவைக் கொன்றது காட்டுக் கூட்டமன்று. ரோம அரசின் ஆளுநன், முறைப்படி, விசாரணை நடத்தி, படைவீரரின் காவலில் நிறைவேற்றிய மரணதண்டனை அது. ஆள்வோனின் வாளைப் பற்றி எழுதிய பவுலின் தலையும் அதே வாளால் வீழ்ந்தது என்பது திருச்சபையின் மரபு. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆபிரிக்காவில், தன் சபையின் குருவொருவரைக் கொன்று இன்னொருவரை ஊனப்படுத்திய டொனாட்டிசக் கட்சியினர் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அவர்களைக் கொல்ல வேண்டாம் என்று அரச அதிகாரிக்கு மடல் எழுதி வேண்டினார் ஆயர் அகுஸ்தீன். கொல்லப்பட்டவரும் அவருடையவர், குற்றமும் ஐயத்துக்கு இடமற்றது. அதுவன்றோ ஆயரின் வேலை?

திருச்சபையின் போதனை மாறலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அடிமை முறையையும் ஒரு காலத்தில் வேதவசனம் காட்டித்தான் காத்தார்கள். அதைக் கைவிட்டபோது கிறிஸ்தவம் அழிந்துவிடவில்லை, நிமிர்ந்தது. அழுகிய உறுப்பு என்ற உவமையும் நமக்குப் புதிதன்று. வள்ளுவரும் செங்கோன்மை அதிகாரத்தில், கொடியோரை வேந்தன் தண்டிப்பதைப் பயிரின் களை பறித்தலோடு ஒப்பிடுகிறார். குறளை நேசிக்கும் தமிழாசிரியன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: இவ்விரு உவமைகளும் அரசனின் உயரத்திலிருந்து பார்த்துச் சொல்லப்பட்டவை. களைக்குத் தாயில்லை. வெட்டப்பட்ட உறுப்பு மனம் திரும்பி அழுவதில்லை. மனிதன் இரண்டும் உடையவன்.

இதனை இந்நாடு ஒருமுறை கண்ணாரக் கண்டது. 1956 இல் ஆட்சிக்கு வந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவின் அரசு மரணதண்டனையை இடைநிறுத்தியது. 1958 இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. நோர்வல் மொறிஸ் தலைமையிலான ஆணைக்குழு ஆராய்ந்து, இடைநிறுத்தத்தால் கொலைகள் பெருகின என்பதற்குச் சான்றில்லை என்று கண்டது. 1959 செப்டெம்பரில் பண்டாரநாயக்கவே சுடப்பட்டார். சாகும் தறுவாயில், தன்னைச் சுட்டவன்மீது பழிவாங்க வேண்டாம், இரக்கம் காட்டுங்கள் என்று அவர் மக்களை வேண்டினார். அவரது பெயரால் ஆட்சி நடத்தியோர் செய்தது என்ன? அதே ஆண்டில் இடைநிறுத்தச் சட்டத்தை நீக்கி, நடந்து முடிந்த கொலைக்கும் செல்லுபடியாகும்படி தூக்கை மீட்டார்கள்.

சுட்ட பிக்குவான தல்துவே சோமராம 1962 ஜூலை 6 இல் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். சதியின் மூளை என்று தீர்ப்பளிக்கப்பட்ட புத்தரக்கித்தவும், அவரது கூட்டாளி எச். பி. ஜயவர்த்தனவும் தப்பினர். பின்னோக்கிச் செல்லும்படி அவசரமாக எழுதப்பட்ட சட்டம் கொலையைக் குறித்ததேயன்றிக் கொலைச் சதியைக் குறிக்கவில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கண்டதால், அவர்களின் தண்டனை ஆயுள் சிறையாகியது. துவக்கைப் பிடித்த கைக்குக் கயிறு. அதைக் கொடுத்த கைக்குச் சிறை. எழுத்தில் ஒரு சொல் விடுபட்டதால் இரண்டு உயிர் பிழைக்கும் நீதியைத் தெய்வ நீதி என்று எப்படி அழைப்பது?

இந்த வழக்கில் கிறிஸ்தவர்கள் மறக்கலாகாத ஒரு செய்தி உண்டு. தூக்குமேடை ஏறுமுன், சிறைக்கூடத்திலேயே சோமராம கிறிஸ்தவராக ஞானஸ்நானம் பெற்றார். பழைய மனிதன் செத்துப் புதியவன் பிறந்தான் என்பது அச்சடங்கின் பொருளானால், அரசு தூக்கியது யாரை? அந்த நீரின் ஈரம் காயுமுன் கயிறு விழுந்தது. மனந்திரும்பியவனின் ஆத்துமாவை ஏற்றுக்கொண்டு, அவன் கழுத்தை அரசிடம் ஒப்படைப்பதோடு தன் பணி முடிந்தது என்று கருதும் சமயம், பிலாத்துவின் கைகழுவும் பாத்திரத்தையே தீர்த்தத் தொட்டியாக வைத்திருக்கிறது.

கயிறு யாருக்காக என்ற கேள்வியைக் கேளாமல் இவ்விவாதம் முடியாது. 1984 இல் திருத்தப்பட்ட நச்சுப்பொருள், அபின் கட்டளைச் சட்டத்தின்படி, இரண்டு கிராம் ஹெரோயின் வைத்திருந்தாலே மரணதண்டனையோ ஆயுள் சிறையோ விதிக்கலாம். இரண்டு கிராம் எவன் சட்டைப்பையில் இருக்கும்? பேருந்து நிலையத்தில் சில்லறை விற்பவனிடம்; தானே அடிமையாகி, அடுத்த வேளைக்காக விற்பவனிடம். கடல்வழியே நூற்றுக்கணக்கான கிலோ ஏற்றி அனுப்புவோன் எந்தப் பேருந்து நிலையத்திலும் நிற்பதில்லை. துறைமுக ஊரில் வாழும் நமக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதன்று. நல்ல சட்டத்தரணியை அமர்த்தப் பணமில்லாதவன் கழுத்தையே கயிறு தேடி வருகிறது.

மறுபுறம், வலியோரின் குற்றங்களுக்கு என்ன நேர்ந்தது? 2005 டிசம்பர் 25 ஆம் நாள் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு மரியன்னை இணைப்பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். கர்த்தர் பிறந்த இரவில், பலிபீடத்தின் முன் நடந்த கொலை. அவ்வழக்கை மேற்கொண்டு நடத்தப்போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்ததையடுத்து, 2021 ஜனவரியில் எதிரிகள் விடுவிக்கப்பட்டனர்.

பரராஜசிங்கம் கொல்லப்பட்ட எட்டாம் நாள், 2006 ஜனவரி 2 இல், நமது திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பல்கலைக்கழகக் கனவோடு மாலைக் காற்று வாங்கச் சென்ற பிள்ளைகள். அவர்களுள் ஒருவரின் தந்தை, உண்மையைச் சொல்லப் போய் நாட்டைவிட்டே வெளியேற நேர்ந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட பாதுகாப்புப் படையினர் பதின்மூவரையும் போதிய சாட்சியமில்லை என்று திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது 2019 ஜூலை 3 ஆம் நாள். நால்வரின் மரண ஆணையைப் பற்றி நாடே விவாதித்துக்கொண்டிருந்த அதே வாரம்! சில்லறை வியாபாரியைத் தூக்க அலுகோசு தேடிய அரசுக்கு, ஐந்து மாணவரைக் கொன்றோர்க்கு எதிராகச் சாட்சி தேடவும், கிடைத்த சாட்சிகளைக் காக்கவும் முடியவில்லை.

மிருசுவிலில் 2000 டிசம்பரில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எண்மரைக் கொன்ற வழக்கில், இராணுவத்தினர் ஒருவருக்கு 2015 இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றமும் 2019 இல் அதை உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ அவருக்குப் பொதுமன்னிப்பு அளித்தார். அப்போது நம்மவர் பலர், அவனைத் தூக்கியிருக்க வேண்டும் என்று குமுறினர். அந்தக் குமுறலை நான் அறிவேன்; அதில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் அமைதியாகச் சிந்தித்தால், நம்மை வருத்தியது அவர் உயிரோடிருப்பது அல்ல. எண்மரின் உறவினரை ஒரு சொல் கேளாமல், வருத்தத்தின் ஒரு சொல் வெளிப்படாமல், நடந்தது ஒன்றுமேயில்லை என்பதுபோல் சிறைக்கதவு திறந்தது. அதற்கு மன்னிப்பு என்று பெயரிட்டது அச்சொல்லுக்கே இழைத்த அவமானம்.

மன்னிப்பு எதுவென்று அறிய ஒடிசாவுக்குச் செல்வோம். தொழுநோயாளரிடையே பணிபுரிந்த அவுஸ்திரேலிய மிஷனரி கிரகம் ஸ்டெயின்சும் அவரது இரு சிறு புதல்வர்களும் 1999 ஜனவரியில் மனோகர்ப்பூரில், வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது எரித்துக் கொல்லப்பட்டனர். அவரது மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னிப்பதாக அறிவித்தார். சட்டத்தின் விசாரணை வேறு, தன் மன்னிப்பு வேறு என்பதையும் தெளிவுபடுத்தினார். வழக்கு நடந்தது, குற்றம் நிரூபணமாயிற்று, தாரா சிங்கின் மரணதண்டனையை 2005 இல் ஒரிசா உயர் நீதிமன்றம் ஆயுள் சிறையாக மாற்றியது. உண்மை வெளிவந்தது, பொறுப்பு சுமத்தப்பட்டது, கயிறு வேண்டப்படவில்லை. மிருசுவிலில் நடந்தது இதன் நேர்மறை. பொறுப்பை நீக்கிவிட்டு அளிப்பது மன்னிப்பாகாது; அது குற்றத்துக்கு அளிக்கும் சம்பளம்.

இனி, தூக்கு வேண்டாம், சாகும்வரை சிறையில் கிடக்கட்டும் என்போரைப் பார்ப்போம். நல்ல மனம் படைத்த கிறிஸ்தவர் பலர் இங்கே வந்து நின்றுவிடுகின்றனர். கையில் இரத்தம் படியவில்லை என்ற நிம்மதி அவர்களுக்கு. பாப்பரசர் பிரான்சிஸ் இந்த நிம்மதியையும் கலைத்தார். 2014 ஒக்டோபரில் குற்றவியற் சட்ட அறிஞர்களிடம் பேசியபோது, ஆயுள் சிறை என்பது மறைவான மரணதண்டனையே என்று அவர் கூறினார். வத்திக்கானின் சட்டத்திலிருந்து அது முந்திய ஆண்டே நீக்கப்பட்டிருந்தது. மனிதன் மாறக்கூடியவன் என்ற நம்பிக்கையை அவனிடமிருந்து பறித்தபின், அவன் மூச்சை மட்டும் விட்டுவைப்பதில் என்ன பெருமை?

வெலிக்கடை இதற்கும் சாட்சி. 1982 இல் மரணதண்டனை விதிக்கப்பட்ட குட்டிமணியையும் ஜெகனையும் அரசு தூக்கிலிடவில்லை. 1983 ஜூலை 25 இலும் 27 இலும் அதே சிறைக்குள், அரசின் காவலில், அவர்களும் தங்கத்துரையும் உட்பட ஐம்பத்து மூன்று தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். அலுகோசு ஓய்ந்திருந்த ஆண்டுகளில் நடந்த கொலைகள் இவை. சில கழுத்துகளுக்கு விலையில்லை என்று சட்டம் எழுதி வைத்திருக்கும் வரை, அதனை நிறைவேற்றச் சட்டத்துக்கு வெளியேயும் கைகள் முளைக்கும்.

கடலுக்கு அப்பால் இன்னொரு கதை. 1991 இல் ஶ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் வேறு பலரும் கொல்லப்பட்டது கொடுங்குற்றம். அதில் இரு கருத்தில்லை. அவ்வழக்கில் தூக்குத் தீர்ப்புப் பெற்றவர்களுள் ஈழத்தவரான சாந்தனும் ஒருவர். 1999 இல் அத்தீர்ப்பை உறுதிசெய்த அமர்வுக்குத் தலைமை வகித்தவர் கேரளக் கிறிஸ்தவரான நீதியரசர் கே. டி. தோமஸ். பிற்காலத்தில் அவரே, இத்தனை ஆண்டு சிறையில் வைத்துவிட்டுத் தூக்கிலிடுவது ஒரு குற்றத்துக்கு இரு தண்டனையாகும் என்று வெளிப்படையாகக் கூறினார். தான் எழுதிய தீர்ப்பின் நிழலோடு வாழ்ந்து, அதற்கு எதிராகவே பேசத் துணிந்த முதியவரை நான் மதிக்கிறேன்.

2014 இல் தூக்கு ஆயுளாகியது. 2022 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் விடுதலை அளித்தது. விடுதலையானவரை அந்நியர் என்று திருச்சிச் சிறப்பு முகாமில் வைத்தார்கள். ஊர் திரும்ப அனுமதி கிடைத்த வேளையில், 2024 பெப்ரவரி 28 இல், சென்னை மருத்துவமனையில் சாந்தன் இறந்தார். முப்பத்திரண்டு ஆண்டு காத்திருந்த தாயிடம் வடமராட்சிக்கு வந்தது உடல். தூக்கவில்லை, ஆனால் உயிரோடு திரும்பவும் விடவில்லை. இதைத்தான் மறைவான மரணதண்டனை என்பது.

ஆகவே நாம் கோருவது எது? எவரையும் திறந்துவிடுங்கள் என்று அல்ல. சமூகத்துக்குத் தீங்கு செய்தவன் தடுத்துவைக்கப்பட வேண்டும். அவன் செய்தது வெளிச்சத்தில் நிறுவப்பட வேண்டும். பாதிக்கப்பட்டோர் முகம் பார்த்துப் பொறுப்பேற்க வேண்டும். தண்டனைக்கு எல்லையும், குறித்த ஆண்டுகளுக்குப் பின் மறுபரிசீலனையும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். ஆள்வோரின் தேர்தற் கணக்கில் அது தொங்கலாகாது. 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டம்போல், பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் சட்டங்களின் கீழ் எழுதப்பட்ட ஆயுள் தீர்ப்புகள் மீண்டும் ஆராயப்பட வேண்டும். மரணதண்டனை சட்டப் புத்தகத்திலிருந்தே அகற்றப்பட வேண்டும். நிறைவேற்றாமல் வைத்திருப்பது போதாது. ஆணியில் மாட்டிய கயிறு, ஆள்வோன் ஒருவனுக்குப் புகழ் தேவைப்படும் நாளில் இறங்கி வரும் என்பதை 2019 காட்டிவிட்டது.

இக்கோரிக்கைகளைச் சோஷலிஸ்டுகளாகிய நாம் எழுப்புவது வியப்பன்று. வறுமையும் வேலையின்மையும் விளைவித்த குற்றத்தை ஏழையின் கழுத்தில் எழுதி முடிக்கும் நீதியை நாம் என்றும் ஏற்றதில்லை. நம் அணியிலேயே, புரட்சியின் பெயரால் தூக்குமரங்கள் நட்ட நாடுகளும் உண்டு. அவற்றையும் இதே நாவால் கண்டிப்பதே நேர்மை. ஆனால் கிறிஸ்தவ நண்பர்களே, உங்களிடம் எங்களுக்கில்லாத ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் மண்டியிடுவது, அரசு கொன்ற ஒரு கைதியின் உருவத்தின் முன்னால். குருமாரும் துறவியருமாகப் பலர் தூக்குக்கு எதிராகக் குரல் கொடுத்தே வந்திருக்கின்றனர். அந்தக் குரல் ஆலய வாசலோடு நின்றுவிடாமல், பிரசங்க மேடையிலும், ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலும், சிறைச்சாலை வாயிலிலும் ஒலிக்கட்டும். சிறைக்குச் சென்றவனைப் பார்க்கப் போனது என்னையே பார்க்க வந்தது போலாகும் என்று உங்கள் ஆண்டவர் போதித்தாரல்லவா? அந்தச் சிறையாளி குற்றமற்றவனாயிருந்தால் மட்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லை.

அடுத்த நாள் நான் வகுப்புக்குச் சென்று என் மாணவனுக்கு மறுமொழி சொன்னேன். கொலைக்களக் காதையை மீண்டும் எடுத்தோம். கோவலனைப் பார்த்த காவலர்களே, இவன் கள்வனைப் போல் தோன்றவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் ஏளனம் செய்து அவர்களின் தயக்கத்தைக் கெடுக்கிறான். குடிவெறியிலிருந்த ஒருவனின் வாள் முந்திக்கொள்கிறது. "அந்தத் தயக்கம் கொஞ்ச நேரம் நீடித்திருந்தால் என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டேன்.

"உண்மை தெரிஞ்சிருக்கும், சேர்" என்றான்.

"கள்வன் என்றே தெரிந்திருந்தால்?"

அவன் சற்று யோசித்தான். "சிலம்பைத் திருப்பிக் குடுத்திருக்கலாம். ஆள் உயிரோட இருந்தாத்தானே குடுக்கலாம்."

அவனுடைய விடையைக் கரும்பலகையில் எழுதச் சொல்லிவிட்டு, பாடத்தைத் தொடர்ந்தேன்.